ஷட்டர் ஏறுவதில் இருந்து இறங்குவது வரை: கடை நடத்துகிறவர்களுக்கு ஒரு முழுமையான உடல்நல வழிகாட்டி

எங்கள் கடைக்கு எதிரில் இருக்கும் டீக்கடையில் எங்கள் பேரில் ஒரு நோட்டு உண்டு. யாருக்கு எத்தனை டீ வந்தது என்று அந்தப் பையன் கோடு போட்டு வைப்பான், மாதக் கடைசியில் கணக்குத் தீர்ப்போம். மூன்று வருடம் முன்பு ஒரு மாதக் கடைசியில் என் பேருக்கு நேரே இருந்த கோடுகளை மட்டும் எண்ணிப் பார்த்தேன். ஒரு நாளைக்கு ஆறு, சில நாள் ஏழு. அதற்கு முந்தின வாரம்தான் வெறும் வயிற்றில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் சுகர் 118 என்று வந்திருந்தது.

ஒரு கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, ஒரு ஸ்பூன் சுமார் 5 கிராம். ஆறு டீக்கு 60 கிராம். கடைத் தராசிலேயே 60 கிராம் சர்க்கரையை ஒரு காகிதத்தில் கொட்டி நிறுத்தேன். உள்ளங்கை நிறைய வந்தது. மாதத்துக்குக் கணக்குப் போட்டால் ஒன்றே முக்கால் கிலோவுக்கு மேல். சாப்பாடு, பலகாரம் எல்லாம் இதில் சேரவில்லை. வெளியிலிருந்து சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்குச் சுமார் 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு.

தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டில் மளிகையும் நாட்டு மருந்துச் சாமானும் விற்கிற கடை எங்களுடையது. 19 வருடமாக நானும் வீட்டுக்காரரும் நடத்துகிறோம். சுக்கு, திப்பிலி, கடுக்காய் எல்லாம் ஊருக்கே நிறுத்துக் கொடுத்தேன், என் உடம்பைப் பார்க்க மட்டும் நேரமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த 118க்குப் பிறகு எனக்குப் புரிந்தது இதுதான்: உடம்புக்கென்று தனியாக நேரம் தேடினால் கடைக்காரருக்குக் கிடைக்கவே கிடைக்காது. ஆனால் கடைக்கு ஏற்கனவே ஒரு நேரக்கட்டு இருக்கிறது. ஷட்டர் திறப்பது, சரக்கு இறக்குவது, மதியக் கூட்டம் ஓய்வது, ராத்திரி கணக்கு முடிப்பது. அந்த வேலைகளோடு ஒவ்வொரு பழக்கத்தையும் சேர்த்துக் கட்டிவிட்டால் அது தானாக நடக்கும். நான் கட்டிய வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் படி: மருந்துக்கு முன்னால் அளவு

எந்தக் கசாயத்தையும் தொடுவதற்கு முன்னால் உங்கள் பிபியும் சுகரும் எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும். இரண்டுமே ரொம்ப நாள் எந்தத் தொந்தரவும் காட்டாமல் உள்ளேயே ஏறுகிறவை.

வெறும் வயிற்று சுகர் 100க்குள் இருந்தால் சரி. 100 முதல் 125 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 126ம் அதற்கு மேலும் வந்தால் இன்னொரு முறை எடுத்து உறுதி செய்யச் சொல்வார்கள். பிபி 120/80 ஒட்டி இருந்தால் நல்லது, திரும்பத் திரும்ப 140/90ஐத் தாண்டினால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். 30 வயது தாண்டிவிட்டால் வருடத்துக்கு ஒரு முறையாவது இரண்டையும் பாருங்கள்.

இதற்குப் பெரிய செலவும் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்க்கிறார்கள். வீடு தேடி வந்து பிபி, சுகர் பார்க்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அந்தத் திட்டத்தில் பரிசோதிக்க வரும் அக்கா தெருவுக்கு வரும்போது நாம் கடையில் இருப்போம், அதுதான் சிக்கல். வீட்டுக்கு வந்தால் கடைக்கும் ஒரு எட்டு வரச் சொல்லுங்கள். நான் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

இரண்டாம் படி: குடிக்கிற தண்ணீர்

தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் வேறு எதைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடக் கூடாது. நம் பக்கத்து நிலத்தடி நீரில் பல இடங்களில் புளோரைடு அதிகம். ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீருக்கு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை. அதற்கு மேல் உள்ள தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தால் பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கோடு விழும், பெரியவர்களுக்கு முட்டியும் இடுப்பும் இறுகும். ‘வயசாகுது, மூட்டு வலி’ என்று என் கடையில் தைலம் வாங்குகிற பல பேரிடம் நான் முதலில் கேட்பது, ‘வீட்டில் எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?’ என்பதுதான்.

இதற்காகவே வந்தது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். ஜப்பான் நிதியுதவியோடு கட்டி, 2013ல் இருந்து காவிரித் தண்ணீர் வருகிறது. வீட்டில் எல்லோரும் அதைப் பிடித்து வைத்துக் குடிப்போம். ஆனால் கடையில்? பின்பக்கத்து போர் தண்ணீரையே சொம்பில் மொண்டு குடிப்போம். ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரம் கடையில் இருக்கிறவருக்கு, வீட்டில் நல்ல தண்ணீர் இருந்து என்ன பலன்?

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கடையில் போர் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒரு முறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். காய்ச்சினால் புளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகிச் சுண்டுவதால் மீதித் தண்ணீரில் அடர்த்தி கூடத்தான் செய்யும். மெழுகுவர்த்தி மாதிரி இருக்கும் சாதாரண பில்டரும் அதை எடுக்காது. ஆர்ஓ எடுக்கும். எதுவும் வேண்டாம் என்றால் வீட்டிலிருந்தே காவிரித் தண்ணீரைக் கேனில் கொண்டு வந்துவிடுங்கள், நாங்கள் அதைத்தான் செய்கிறோம். பாக்கு, கறுப்பு உப்பு, பால் சேர்க்காத கடுந்தேநீர் இவற்றிலும் புளோரைடு உண்டு, நம் ஊரில் இவற்றைக் குறைத்துக்கொள்வது நல்லது. மோர், கேழ்வரகு, கீரை மாதிரி சுண்ணாம்புச் சத்துள்ள சாப்பாடும், நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா மாதிரி வைட்டமின் சி உள்ளதும் உடம்புக்குத் துணை நிற்கும்.

தண்ணீர் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, குடிக்கவும் வேண்டும். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு லிட்டர் பாட்டில் வையுங்கள். ஷட்டர் திறந்ததும் நிரப்பி 11 மணிக்குள் முடிக்க வேண்டும், இரண்டாவதை 4 மணிக்குள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரியாகக் குடிக்கிறோம் என்று அர்த்தம். சிறுநீரக நோயோ இதய நோயோ உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவுக்குள் குடிக்க வேண்டும்.

கடை நடத்தும் பெண்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. நாம் தண்ணீர் குடிக்காததற்குக் காரணம் மறதி இல்லை. பஜாரில் போக இடமில்லை, அதனால் குடிப்பதில்லை. காலையில் போனால் ராத்திரிதான் என்று அடக்கி வைத்து, நீர்க்கடுப்பும் தொற்றும் எனக்கு இரண்டு முறை வந்தது. அப்புறம் பக்கத்துத் துணிக்கடைக்காரம்மா, தையல் கடை அக்கா, நான் மூன்று பேரும் பேசி, கடைகளுக்குப் பின்னால் இருந்த பழைய கழிப்பறையைச் செலவு போட்டுச் சரிசெய்து பூட்டுப் போட்டோம். ஆளுக்கொரு சாவி. என் உடம்புக்கு நான் செய்த நல்ல செலவுகளில் அதற்குத்தான் முதலிடம்.

மூன்றாம் படி: ஷட்டர் திறக்குமுன்

கடை கால் மணி நேர நடைத் தூரத்தில் இருந்தால் வண்டியை விட்டுவிட்டு நடந்து போங்கள். போக வர அரை மணி நேர நடை ஆகிவிடும். வாரத்துக்கு 150 நிமிடம் மூச்சு கொஞ்சம் வாங்குகிற நடை வேண்டும் என்கிறார்கள், வாரத்தில் ஐந்து நாள் இப்படி நடந்தாலே கணக்குச் சரியாகிவிடும். கடை தூரம் என்றால் வண்டியைப் பஜாருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு வாருங்கள்.

காலைச் சாப்பாடு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊர் கேழ்வரகு ஊர். 2023ல் இருந்து தருமபுரி ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, அரிசியில் அது பெயருக்குத்தான். அதனால் கேழ்வரகு நல்லதுதான். ஆனால் ‘ராகி சாப்பிட்டால் சுகர் ஏறாது’ என்று நம்பி மூன்று உருண்டை களி சாப்பிடுகிறவர்களை எனக்குத் தெரியும். கேழ்வரகிலும் மாவுச்சத்து மூன்றில் இரண்டு பங்கு இருக்கிறது. அளவு தாண்டினால் அதுவும் சுகரை ஏற்றும். மாவை நைசாக அரைத்து நீர்க்கக் காய்ச்சும் கஞ்சி வேகமாகவே ஏற்றும்.

நான் வைத்திருக்கும் அளவு, கைமுட்டி அளவில் ஒரு களி உருண்டை. கூட ஒரு கிண்ணம் நிறையக் கீரைக் கடைசலோ கொள்ளுக் குழம்போ. தட்டில் களியை விடக் குழம்பும் காயும் அதிகம் தெரிய வேண்டும். வெயில் காலத்தில் முந்தின நாள் கூழில் மோர் விட்டு, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு குடிப்பேன். களி கிண்ட நேரமில்லாத நாளில் சாமை உப்புமாவில் பாதிக்குப் பாதி காய் போட்டுச் செய்யுங்கள். எதுவுமே முடியாவிட்டால் இரண்டு முட்டையும் ஒரு வாழைப்பழமும் போதும். காலியாகக் கடைக்குப் போய் 10 மணிக்கு பஜ்ஜியில் தொடங்குவதுதான் கூடாது.

நான்காம் படி: டீ நோட்டு

டீயை அடியோடு நிறுத்தச் சொல்லமாட்டேன். நிறுத்திப் பார்த்தேன், நான்காம் நாள் தலைவலியில் இரட்டிப்பாகக் குடித்தேன். படிப்படியாகத்தான் இறங்க வேண்டும். முதல் இரண்டு வாரம் எண்ணிக்கையைத் தொடாமல் சர்க்கரையை மட்டும் பாதியாக்கினேன். நாக்கு பழகிய பிறகு ஆறை நான்காக்கினேன், பிறகு மூன்று. சரக்கு வண்டிக்காரர் வந்தால் டீ, வசூல்காரர் வந்தால் டீ என்ற பழக்கம்தான் எண்ணிக்கையை ஏற்றுகிறது. இப்போது வருகிறவர்களுக்கு டீ சொல்வேன், எனக்கு நீர்மோர் எடுத்துக்கொள்வேன். யாரும் தப்பாக நினைப்பதில்லை.

சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம். சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர்வதை டீ குறைக்கும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். ரத்தசோகை உள்ள பெண்களுக்கு இது முக்கியம்.

சாயங்கால டீக்குப் பதிலாகச் சுக்கு மல்லிக் காபி. கொத்தமல்லி விதை நான்கு பங்கு, சுக்கு ஒரு பங்கு, கொஞ்சம் மிளகு, இரண்டு ஏலக்காய். மல்லியை வாசம் வரும் வரை வெறும் சட்டியில் வறுத்து, சுக்கைத் தட்டிப் போட்டு, எல்லாவற்றையும் கொரகொரப்பாகப் பொடித்து வையுங்கள். ஒன்றரை டம்ளர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் போட்டு ஒரு டம்ளராகச் சுண்ட விட்டு வடிகட்டினால் ஆயிற்று. பிளாஸ்கில் கடைக்கே கொண்டு போகலாம். கருப்பட்டி, வெல்லம் போட்டால் சுகர் ஏறாது என்று கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் நினைக்கிறார்கள். இரண்டும் சர்க்கரைதான், அதே அளவுக் கணக்குதான்.

ஐந்தாம் படி: கல்லாவும் கால்களும்

மதியக் கூட்டம் ஓய்ந்ததும் சாப்பிட்டு, உடனே உட்காராமல் பத்து நிமிடம் கடைக்குள்ளேயே நடங்கள். அலமாரியில் எந்தச் சரக்கு குறைகிறது என்று பார்க்கிற வேலையை அந்த நேரத்துக்கு மாற்றிவிட்டேன். சாப்பிட்டபின் நடக்கும் சின்ன நடை சுகர் சட்டென்று ஏறுவதை மட்டுப்படுத்தும். போன் வந்தால் எழுந்து நின்று பேசுங்கள். நாளெல்லாம் நின்றே வேலை செய்கிறவர்களுக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொள்ளும். அவர்கள் குதிகாலைத் தூக்கித் தூக்கி இருபது முறை இறக்கினால் கீழே தேங்கும் ரத்தம் மேலே ஏறும். சிப்பம் தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முட்டியை மடக்கி, மூட்டையை நெஞ்சோடு அணைத்துத் தூக்குங்கள்.

ஆறாம் படி: கைமருந்துப் பெட்டி

இது என் தொழில், அதனால் வாங்குவதில் இருந்து தொடங்குகிறேன். சுக்கு வெள்ளை வெளேரென்று இருந்தால் சுண்ணாம்பு பூசியது. மங்கலான பழுப்பில், உடைத்தால் ‘டக்’கென்று உடைந்து, உள்ளே வாசம் மூக்கில் ஏறுவதுதான் நல்ல சுக்கு. ஓட்டை இருந்தால் பூச்சி விழுந்தது, எடுக்காதீர்கள். மிளகை ஒரு டம்ளர் தண்ணீரில் போடுங்கள். நல்ல மிளகு அடியில் போகும், கலந்திருக்கும் பப்பாளி விதை மிதக்கும். ‘சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு’ என்பார்கள் பெரியவர்கள். சுக்கின் மேல்தோலைச் சீவி, கடுக்காயின் கொட்டையை நீக்கித்தான் பயன்படுத்த வேண்டும்.

வயிறு உப்பிசத்துக்கு அரை ஸ்பூன் ஓமத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கொதிக்க விட்டு வெதுவெதுப்பாகக் குடியுங்கள். மலச்சிக்கலுக்கு ராத்திரி அரை ஸ்பூன் கடுக்காய்ப் பொடி வெந்நீரில். கர்ப்பிணிகளுக்கு இது வேண்டாம். தொண்டை கரகரத்தால் ஒரு டம்ளர் வெந்நீரில் அரை ஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளிப்பதே போதும். நாளெல்லாம் விலை சொல்லிச் சொல்லிக் கட்டிய தொண்டைக்கு இதைவிட எளிய வைத்தியம் கிடையாது. சளிக்கு நாலைந்து கற்பூரவல்லி இலையும் இரண்டு மிளகும் கொதிக்க வைத்த தண்ணீர். கடை வாசலிலேயே ஒரு தொட்டியில் கற்பூரவல்லி வைத்திருக்கிறேன், கேட்கிறவர்களுக்குக் கிளை ஒடித்துத் தருவேன். நெல்லிக்காய் கிடைக்கும் மாதங்களில் தினம் ஒன்று.

வெந்தயத்தை ராத்திரி ஒரு டீஸ்பூன் ஊற வைத்துக் காலையில் சாப்பிடலாம். நம் மானாவாரிக் காட்டோரம் பூத்துக் கிடக்கும் ஆவாரம்பூவையும் டீயாகப் போட்டுக் குடிக்கிறார்கள். ஆனால் சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இவற்றைத் தொடங்குமுன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மாத்திரையோடு சேர்ந்து சுகர் ரொம்பக் கீழே போனால் கை நடுங்கும், வியர்க்கும், கண் இருட்டும். அதிமதுரம் இருமலுக்குக் கேட்டு வருவார்கள். பிபி இருக்கிறதா என்று கேட்காமல் நான் கொடுப்பதில்லை. நாள்கணக்கில் சாப்பிட்டால் அது பிபியை ஏற்றும். நிலவேம்புக் குடிநீர் காய்ச்சல் காலத்து மருந்து, தினமும் குடிக்கிற பானம் கிடையாது. காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் கசாயத்தோடு நிற்காமல் ரத்தப் பரிசோதனைக்குப் போய்விடுங்கள்.

இரண்டு மருந்தை ஒரே நேரத்தில் தொடங்காதீர்கள். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியாமல் போகும். பஸ்பம், செந்தூரம் மாதிரி உலோகம் சேர்ந்தவற்றை அரசு சித்த மருத்துவப் பிரிவில் காட்டி, பதிவு பெற்ற மருத்துவர் எழுதினால் மட்டும் சாப்பிடுங்கள்.

இன்னொன்று. எங்கள் மாமனாருக்கு ஒரு நாள் சாயங்காலம் நெஞ்சை அழுத்துகிற மாதிரி இருந்தது. ‘வாயுதான்’ என்று அவரே சொல்லி, ஓமத் தண்ணி கேட்டார். நானும் போட்டுக் கொடுத்தேன். கால் மணி நேரம் போனது. சட்டை முழுக்க வியர்வையில் நனைந்ததைப் பார்த்த பிறகுதான் 108க்கு அடித்தோம். மாரடைப்பு. பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தக் கால் மணி நேரம் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, இதில் எது வந்தாலும் ஓமமும் வேண்டாம், சோடாவும் வேண்டாம். உடனே 108.

ஏழாம் படி: கணக்கு முடிக்கும் நேரம்

ராத்திரி 10 மணிக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு உடனே படுப்பதுதான் நம் எல்லோருக்கும் வழக்கம். நெஞ்செரிச்சலுக்கும் காலை சுகருக்கும் இது பெரிய காரணம். 7.30 மணிக்கு டிபன் பாக்ஸைக் கடையிலேயே திறந்துவிடுங்கள். இரண்டு சப்பாத்தியோ மூன்று இட்லியோ, காயோடு. வீட்டுக்குப் போனால் ஒரு டம்ளர் மோர் போதும்.

கணக்கு நோட்டைத் திறக்குமுன் மூச்சு. நான்கு எண்ணும் வரை இழுத்து, எட்டு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள், பத்து முறை. வெளிவிடும் மூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணிகிறது. பாக்கி வராத கடுப்பில் கணக்குப் பார்ப்பதற்கும், இதைச் செய்துவிட்டுப் பார்ப்பதற்கும் வித்தியாசம் எனக்கே தெரிகிறது. பாக்கிக்காரருக்கு ராத்திரியில் போன் பண்ணுவதையும் நிறுத்திவிட்டேன். அவர் தூக்கமும் கெடும், நம் தூக்கமும் கெடும்.

தூக்கம் ஏழு மணி நேரம் வேண்டும். இராயக்கோட்டை தக்காளி மண்டிக்காரர்கள் மாதிரி விடியுமுன் எழுகிறவர்கள் ஒன்பது மணிக்குள் படுத்துவிட்டு, மதியம் அரை மணி நேரம் கண்ணயருங்கள். அதற்கு மேல் பகலில் தூங்கினால் ராத்திரித் தூக்கம் கெடும். போச்சம்பள்ளி மாதிரி ஞாயிற்றுக்கிழமையே சந்தை கூடும் ஊரில் வியாபாரம் செய்கிறவர்கள் வாரத்தில் வேறொரு நாளில் அரை நாள் ஓய்வு வைத்துக்கொள்ளுங்கள். நல்லெண்ணெய்க் குளியலுக்கும் அந்த அரை நாள்தான்.

மாம்பழ சீசனுக்கு ஒரு குறிப்பு

ஏப்ரல் முதல் ஜூலை வரை கிருஷ்ணகிரிப் பக்கம் மண்டிக்கும் மாங்கூழ் ஆலைக்கும் ஓடுகிறவர்களுக்கு மேலே சொன்னதெல்லாம் குலைந்து போகும். அந்த நாட்களில் தண்ணீரையும் தூக்கத்தையும் மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். தகரக் கொட்டகையில் நின்று தலை சுற்றினால் நிழலில் உட்கார்ந்து உப்புச் சர்க்கரைக் கரைசல் குடியுங்கள்: ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டி அரை டீஸ்பூன் உப்பு. உடம்பு கொதித்து, பேச்சுக் குழறினால் ஈரத்துணியால் துடைத்தபடியே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

எதில் தொடங்குவது?

ஏழு படிகளையும் திங்கட்கிழமையே தொடங்கினால் வியாழக்கிழமை எல்லாம் நின்றுவிடும். முதல் வாரம் பரிசோதனையும் தண்ணீரும். அடுத்த இரண்டு வாரம் டீயில் சர்க்கரை. பிறகு மதிய நடை, அப்புறம் ராத்திரிச் சாப்பாட்டு நேரம். ஒன்று பழகிய பிறகு அடுத்தது.

மூன்று மாதம் ஆனதும் எச்பிஏ1சி பரிசோதனை எடுங்கள். கடைசி இரண்டு மூன்று மாதச் சராசரி சுகரை அது காட்டும், முந்தின நாள் மட்டும் பத்தியம் இருந்து ஏமாற்ற முடியாது. 5.7க்குக் கீழே என்றால் நல்லது, 6.5ம் அதற்கு மேலும் என்றால் சர்க்கரை நோய். எனக்கு முதல் முறை 6.1, ஏழு மாதம் கழித்து 5.8. இன்னும் இறங்க வேண்டும். அடுத்த பரிசோதனைத் தேதியை, கடை உரிமம் புதுப்பிக்கும் தேதிக்குப் பக்கத்திலேயே கல்லா மேல் தொங்கும் காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.